முதுகில் ஒரு பிளவு, மூளையில் அதன் சுவடு

கருவிலுள்ள சிசுவின் தலையைக் காட்டும் காந்தப் படம் தாய்தந்தையர்க்குச் சொல்வது யாது?

கருவுற்ற தாயொருத்தி தெய்வத்திடம் முதலில் வேண்டும் வரம் ஆண் மகவும் அன்று, பெண் மகவும் அன்று. "குறையொன்றும் இல்லாத குழந்தை பிறக்க வேண்டும்" என்பதே அவளுடைய வேண்டுதல். பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வேண்டுதலுக்கு விடை பிரசவ அறையிலேதான் கிடைத்து வந்தது. கருப்பை மனிதக் கண்ணுக்கு மூடப்பட்ட அறையாக இருந்தது. அதனுள்ளே நிகழ்வதை வைத்தியரும் அறியார், மருத்துவிச்சியும் அறியார். வயிற்றின் மேல் கைவைத்துப் பார்த்தும், காதுவைத்துக் கேட்டும் சொல்லக்கூடியதையே அவர்கள் சொன்னார்கள்.

இன்றோ அவ்வறையின் கதவு சிறிது திறந்திருக்கிறது. பிறப்பதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்னரே சிசுவின் மூளையைப் படமாக எடுத்துக் காட்டும் ஆற்றலை விஞ்ஞானம் பெற்றுவிட்டது. இந்த ஆற்றலால் யாருக்கு என்ன பயன்? அப்படம் எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது? முள்ளந்தண்டுப் பிளவு என்னும் பிறவிக் குறைபாட்டை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்போம். ஏனெனில், இக்குறைபாட்டிலே காயம் இருப்பது முதுகில். ஆயினும் வைத்தியர் கூர்ந்து நோக்குவது தலையை. இது விந்தையாகத் தோன்றலாம். காரணத்தை அறிந்தால் விந்தை நீங்கிவிடும்.

28 நாட்களுள் ஒரு பெருவேலை

கரு உண்டான மூன்றாம் வாரத்தில், பின்னர் முதுகாக அமையப்போகும் இடத்திலே மெல்லிய தகடு போன்ற ஒரு பகுதி தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் மேலெழுந்து, ஒன்றையொன்று நோக்கி வளைந்து, இறுதியில் ஒட்டிக்கொள்கின்றன. வெற்றிலையொன்றை நீளவாட்டில் வளைத்து ஓரங்களைச் சேர்த்தால் ஒரு குழாய் உண்டாகுமல்லவா? அதுபோலவே இங்கும் ஒரு குழாய் உருவாகின்றது. இதனை நரம்புக்குழாய் என்பர். இதன் மேற்பகுதி மூளையாகவும், கீழ்ப்பகுதி முண்ணாணாகவும் வளர்கின்றன.

கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுள் இக்குழாய் முற்றாக மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் உருவாவதில்லை. அச்சிசு பிழைப்பதும் இல்லை. முதுகுப் பக்கத்தில் ஓரிடம் மூடாது நின்றுவிட்டால் அதுவே முள்ளந்தண்டுப் பிளவு. அப்பொழுது மாதவிடாய் தவறி இரண்டு வாரமளவே ஆகியிருக்கும். தான் கருவுற்றிருப்பதையே அறியாத தாய்மாரும் பலர். அதற்குள் இப்பெருவேலை முடிந்துவிடுகிறது. அல்லது முடியாது நின்றுவிடுகிறது.

இப்பிளவு இருவகைப்படும். ஒன்றில், குறை தோலினால் மூடப்பட்டிருக்கும். மற்றொன்றில், முண்ணாணே வெளியில் தெரியுமாறு முதுகு திறந்திருக்கும். இரண்டாவதே கொடியது. திறந்த நரம்புகள் மாதக்கணக்காகக் கருப்பை நீரில் தோய்ந்து நலிவடைகின்றன. பிளவு இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கால்கள் வலுவிழக்கலாம். சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல் குன்றலாம். பிளவு முதுகின் மேற்பகுதியை நோக்கிச் செல்லச் செல்லப் பாதிப்பும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

தலையில் ஏன் தேடுகின்றனர்?

மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்து தெளிந்த நீரொன்று எப்பொழுதும் சுற்றி வருகின்றது. மூளைக்குள்ளேயும் இந்நீர் நிரம்பிய சிறு அறைகள் உள்ளன. வளரும் சிசுவிலே இந்நீர் உள்ளிருந்து மெல்ல அழுத்துவதனாலேதான் மூளையின் அறைகளும், அவற்றைக் காக்கும் மண்டையோடும் உரிய அளவுக்கு விரிகின்றன. முதுகிலே திறந்த பிளவு இருந்தால் அவ்வழியாக நீர் கசிந்தவண்ணம் இருக்கும். அடியில் ஓட்டை விழுந்த குடத்தில் நீர் நிற்காதது போல, மூளையின் அறைகளிலும் அழுத்தம் நிற்பதில்லை. ஆகவே மண்டையோட்டின் பிற்புறக் குழி சிறுத்தே அமைகின்றது. அக்குழியில் அடங்கவேண்டிய சிறுமூளையும், மூளையின் அடித்தண்டும் இடம் போதாமையால், மண்டையோட்டின் அடியிலுள்ள துவாரத்தின் வழியே கழுத்துக்குள் இறங்கிவிடுகின்றன.

துன்பம் அத்துடன் முடிவதில்லை. இறங்கிய பகுதி நீரோடும் பாதையை நெருக்குகிறது. முன்னர் நீர் போதாதிருந்த அறைகளிலே இப்பொழுது நீர் தேங்கத் தொடங்குகிறது. அறைகள் வீங்கி, மூளையை உள்ளிருந்து அழுத்துகின்றன. இதுவே தலையில் நீர் கோத்தல் எனப்படுவது.

பின்மூளை இவ்வாறு கீழிறங்கியிருப்பதை 1891 ஆம் ஆண்டில் பிராக் நகரிலே பணிபுரிந்த ஹான்ஸ் கியாரி என்ற நோயியல் அறிஞர் விளக்கி எழுதினார். இறந்தோரின் உடலைச் சோதித்தே அவர் அதனைக் கண்டார். 1894 இல் ஜூலியஸ் ஆர்னோல்ட் என்னும் ஜேர்மன் அறிஞரும் இத்தகைய குழந்தையொன்றைப் பற்றி எழுதினார். கசியும் நீரே இதற்கெல்லாம் காரணமாகலாம் என்ற விளக்கத்தை அமெரிக்க வைத்தியர் டேவிட் மக்லோனும் அவருடைய சகாவான போல் நெப்பரும் 1989 இல் முன்வைத்தனர்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகின்றது. திறந்த பிளவுள்ள சிசுக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பின்மூளை கீழிறங்கியிருக்கும். தோல் மூடிய பிளவுள்ளவற்றில் பொதுவாக அவ்வாறு இராது. ஆகவே தலையைப் பார்த்தே முதுகின் நிலையை ஊகிக்க முடிகிறது. முதுகின் பிளவு சிறியது. மடங்கிக் கிடக்கும் சிசுவிலே எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. தலையோ அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எலுமிச்சம்பழமும் வாழைப்பழமும்

கருப்பைக்குள் நோக்குவதற்கு முதல் வழி காட்டியது ஒலி. காதுக்கு எட்டாத நுண்ணிய ஒலி அலைகளைச் செலுத்தி, அவற்றின் எதிரொலியைப் படமாக்கும் முறையைக் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட்டும் அவருடைய சகாக்களும் 1958 இல் வெளியிட்டனர். இன்று யாவரும் 'ஸ்கேன்' என்று கூறுவது இதன் வழிவந்த சோதனையையே. 1972 இல் எடின்பரோவில் புரொக், சட்கிளிவ் என்னும் இருவர், திறந்த பிளவுள்ள சிசுவைச் சூழ்ந்த நீரிலே ஒருவகைப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டனர். பின்னர் அப்புரதத்தைத் தாயின் இரத்தத்திலேயே அளந்து பார்க்கவும் முடிந்தது.

1986 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையைச் சேர்ந்த நிக்கலைடிஸ் முதலியோர், முள்ளந்தண்டுப் பிளவுள்ள சிசுவின் தலைப்படத்தில் இரண்டு அடையாளங்களைச் சுட்டிக்காட்டினர். நெற்றியின் இருபுறமும் உட்குழிந்து தலை எலுமிச்சம்பழம் போலத் தோன்றுவது ஒன்று. அவர்கள் கூறியது நம் வீட்டுத் தேசிக்காயை அன்று. முனை கூர்ந்த மேனாட்டு எலுமிச்சையை. கீழே இழுபட்ட சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்து தோன்றுவது மற்றையது. பழக்கடையிலிருந்து வந்த இவ்விரு பெயர்களும் இன்றும் உலகெங்கும் வைத்தியர் வாயில் வழங்கிவருகின்றன.

ஒலிப்படம் மலிவானது, எளிதில் எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது. முள்ளந்தண்டின் எலும்புகளைக் காட்டுவதில் அது மிகச் சிறந்தது. ஆயினும் அதற்குத் தடைகளும் உண்டு. சிசுவின் மண்டையோடு முற்ற முற்ற ஒலி உட்புகுவது கடினமாகின்றது. சிசு தலைகீழாகத் தாயின் இடுப்பெலும்புக்குள் இறங்கியிருந்தாலும், சூழ்ந்துள்ள நீர் குறைந்திருந்தாலும், தாயின் உடல் பருத்திருந்தாலும் படம் தெளிவிழக்கும். இங்கேதான் காந்தம் துணைக்கு வருகிறது.

காந்தம் வரையும் படம்

எம்.ஆர்.ஐ. என்று சுருக்கமாகக் கூறப்படும் இம்முறையில் எக்ஸ் கதிர் பயன்படுவதில்லை. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வோர் அணுத்திரளிலும் ஐதரசன் உண்டு. வலிய காந்தத்தினுள் உடலை வைத்தால் ஐதரசன் அணுக்களின் கருக்கள் காந்தத்தின் திசைக்கு இசைய ஒழுங்குபடுகின்றன. அப்பொழுது வானொலி அலைகளைச் செலுத்தி அவ்வொழுங்கைக் குலைத்தால், அவை மீண்டும் பழைய நிலையை அடையும்போது மெல்லிய சைகைகளை வெளியிடுகின்றன. மூளையின் சதையிலிருந்து வரும் சைகை வேறு. நீரிலிருந்து வருவது வேறு. அவ்வேறுபாட்டைக் கணினி படமாக வரைகின்றது. வைத்தியசாலைகளில் பெரிதும் பயன்படும் 1.5 தெஸ்லா வலிமையுள்ள காந்தம், நாம் வாழும் பூமியின் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. இப்படமுறைக்கு அடிகோலிய போல் லோட்டர்பர், பீற்றர் மான்ஸ்பீல்ட் ஆகிய இருவருக்கும் 2003 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கருவிலுள்ள சிசுவை இம்முறையில் முதன்முதலாகப் படமெடுத்த செய்தி 1983 இல் ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து வந்தது. ஆனால் அக்காலத்தில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் சென்றன. சிசு அசையாது இருக்குமா? கையை நீட்டும், காலை உதைக்கும், படம் குழம்பிவிடும். அசைவைத் தணிக்க மருந்து கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1990 ஆம் ஆண்டுகளில் ஒரு வெட்டுமுகப் படத்தை ஒரு வினாடியளவில் எடுத்துவிடும் விரைவு முறைகள் பழக்கத்துக்கு வந்த பின்னரே இத்துறை தழைத்தது.

தாய்மார் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. நகைகளையும் மற்றைய உலோகப் பொருள்களையும் வெளியே வைத்துவிட்டு, குழாய் போன்ற யந்திரத்தினுள் மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்திருத்தல் வேண்டும். யந்திரம் சம்மட்டியால் அடிப்பதுபோல ஓசையிடும். காதுக்குக் காப்பு அளிப்பர். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துள் காரியம் முடிந்துவிடும். படத்தைத் துலங்கச் செய்வதற்காகப் பிறருக்கு ஊசிமூலம் ஏற்றும் மருந்தைக் கர்ப்பிணிகளுக்கு ஏற்றாது தவிர்ப்பர். சிசு மிகச் சிறிதாயிருக்கும் காலத்தில் நுணுக்கங்கள் புலப்படாமையால், பொதுவாக 18 ஆம் அல்லது 20 ஆம் வாரத்தின் பின்னரே இப்படத்தை எடுப்பர்.

படத்தில் வைத்தியர் தேடுவன

முதலாவதாக, பின்மூளை எவ்வளவு தூரம் கீழிறங்கியிருக்கின்றது என்பதைப் பார்ப்பர். அடுத்து, நீர் அறைகளின் அகலத்தை அளப்பர். 10 மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் அது வழமைக்கு மாறானது. மூளையின் வலப்பாதியையும் இடப்பாதியையும் இணைக்கும் நரம்புப் பாலம் முழுமையாக இருக்கிறதா என்று ஆராய்வர். முள்ளந்தண்டுப் பிளவுள்ள குழந்தைகளில் இப்பாலம் குறைபட்டிருப்பது உண்டு. மூளையின் மேற்பரப்புக்குச் செல்லவேண்டிய நரம்பணுக்கள் பயணத்தை முடிக்காமல் நீர் அறைகளின் ஓரத்திலேயே தங்கிச் சிறு முடிச்சுகளாகி நிற்பதும் உண்டு. இத்தகைய நுண்ணிய குறைகளை ஒலிப்படத்தைவிடக் காந்தப் படம் பலவேளைகளில் தெளிவாகக் காட்டுகின்றது.

இதன் மதிப்பை அளந்தறியும் பொருட்டுப் பிரித்தானியாவில் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஷெபீல்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் போல் கிரிபித்ஸ் தலைமையில் நிகழ்ந்த அவ்வாய்வின் முடிவு 2017 இல் வெளிவந்தது. முள்ளந்தண்டுப் பிளவு மட்டுமன்றி, மூளையில் எவ்வகைக் குறை இருப்பதாக ஒலிப்படம் ஐயமெழுப்பினும் அச்சிசுக்கள் அதில் அடங்கின. 570 சிசுக்களில், ஒலிப்படம் மட்டும் கொண்டு சரியாக நிர்ணயிக்கப்பட்டவை நூற்றுக்கு 68. காந்தப் படமும் சேர்ந்தபோது நூற்றுக்கு 93. சிசுவின் மூளையை ஒலியால் ஆராய்வதிலேயே தனித்தேர்ச்சி பெற்றோர் உள்ள இடங்களில் இவ்வேறுபாடு குறையும் என்று கூறும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், காந்தப் படம் ஒலிப்படத்தை விலக்கிவிட வந்ததன்று. ஒன்று எழுப்பிய ஐயத்தை மற்றொன்று தீர்க்கின்றது.

அறிந்து ஆவது யாது?

இதுவே உள்ளத்தை உறுத்தும் வினா. குறையை முன்னரே அறிந்து துயரப்படுவதைவிட, அறியாதிருத்தல் நலமன்றோ என்று கேட்போர் உண்டு.

1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை இக்கேள்விக்கு விடை கூறுதல் கடினமாகவே இருந்தது. தலையில் நீர் கோத்த குழந்தைக்கு நிலையான பரிகாரம் அரிதாயிருந்த காலம் அது. அமெரிக்காவிலே ஜோன் ஹோல்ரர் என்னும் இயந்திர வினைஞருக்கு முள்ளந்தண்டுப் பிளவுடனும் தலை நீருடனும் ஒரு மகன் பிறந்தான். தந்தை சோர்ந்திருக்கவில்லை. பிலடெல்பியா வைத்தியரான யூஜின் ஸ்பிற்ஸுடன் சேர்ந்து, தேங்கிய நீரை மூளையிலிருந்து இரத்தத்துக்கு ஒருவழியாக மட்டும் செல்லவிடும் சிறு அடைப்பிதழை 1956 இல் உருவாக்கினார். எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்த கருவி அது. ஆயினும் உடலினுள் வைக்கும் வடிகுழாய் அடைபடலாம், கிருமி தொற்றலாம், மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

பிறப்பதற்கு முன்னரே முதுகை மூடிவிட்டால் என்ன? இவ்வெண்ணத்தைச் சோதிக்க அமெரிக்காவின் மூன்று நிலையங்களில் 2003 இல் தொடங்கிய ஆய்வு, 2011 இல் முடிவை வெளியிட்டது. தாயின் வயிற்றையும் கருப்பையையும் திறந்து, 26 வாரம் நிறையுமுன் சிசுவின் முதுகைத் தைத்து மூடினர். பிறந்த பின் மூடப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேருக்கு ஒரு வயதுக்குள் வடிகுழாய் வைக்க நேர்ந்தது. கருவிலேயே மூடப்பட்டவர்களுள் நூற்றுக்கு 40 பேருக்கே அது தேவைப்பட்டது. இரண்டரை வயதில் தாங்குகருவியின்றி நடந்தோர் முந்திய பிரிவில் நூற்றுக்கு 21. பிந்திய பிரிவில் நூற்றுக்கு 42. கசிவு நின்றதனால், இறங்கிய பின்மூளை பல குழந்தைகளில் மேலேறியும் இருந்தது.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதன்று. சராசரியாக 37 வாரத்தில் பிறக்கவேண்டிய குழந்தைகள் 34 வாரத்திலேயே பிறந்தன. தாயின் கருப்பையில் தழும்பு நிற்பதனால், பின்வரும் பிரசவங்களும் வயிற்றைக் கீறியே நடைபெற வேண்டும். அன்றியும், இச்சிகிச்சை எல்லாச் சிசுக்களுக்கும் ஏற்றதன்று. எல்லா நாடுகளிலும் கிடைப்பதும் அன்று. அவ்வாய்விலே பின்மூளை இறங்கியிருப்பது உறுதியான சிசுக்களையே சேர்த்துக்கொண்டனர். ஆகவே காந்தப் படம் இங்கே வாயில் காப்போன் போல நிற்கின்றது. அது 20 ஆம் வாரத்தை ஒட்டித் தெளிவான விடை தந்தால், தாய்தந்தையர்க்குச் சில வாரங்கள் கிடைக்கும். காலம் தாழ்ந்தால் அவ்வழி அடைபட்டுவிடும்.

கருவிலே சிகிச்சை செய்யாதவர்களுக்கும் இவ்வறிவு வீணன்று. எந்த வைத்தியசாலையில் பிரசவம் நிகழ வேண்டும், பிறந்தவுடன் நரம்புச் சத்திரவைத்தியர் ஆயத்தமாக இருக்க வேண்டுமா, முதுகை எத்தனை நாட்களுள் மூட வேண்டும் என்பவற்றை முன்னரே ஒழுங்கு செய்யலாம். நள்ளிரவில் பிரசவ அறையில் திகைத்து நிற்பதற்கும், காத்திருந்து வரவேற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அனுபவித்தவர்களே அறிவர்.

படம் சொல்லாதது

படம் எவ்வளவு தெளிவாயினும் அது சாதகக் குறிப்பன்று. மூளையின் மடிப்புகளுள் பல கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களிலேயே உருவாகின்றன. 20 ஆம் வாரப் படம் அவற்றைக் காட்டமாட்டாது. நீர் அறையின் அகலத்தை மில்லிமீற்றரில் கூறும் கருவி, அக்குழந்தை எந்த வயதில் 'அம்மா' என்றழைக்கும் என்பதைக் கூறாது. முள்ளந்தண்டுப் பிளவுடன் பிறந்தோருள் பெரும்பாலோரின் அறிவாற்றல் வழமையான எல்லைக்குள்ளேயே இருக்கிறது. கணிதத்திலோ, ஒன்றைக் கவனித்துத் திட்டமிடுவதிலோ சிலருக்குக் கூடுதல் உதவி தேவைப்படலாம். சக்கர நாற்காலியிலிருந்தே கல்வி கற்று, தொழில் புரிந்து, இல்லறம் நடத்துவோரும் பலர். மேற்கூறிய அமெரிக்க ஆய்விலிருந்த குழந்தைகளைப் பள்ளிப் பருவத்தில் மீண்டும் சோதித்தபோது, கருவிலே மூடப்பட்டவர்கள் நடையில் மேம்பட்டிருந்தனர். ஆனால் அன்றாட வாழ்வுக்கு இசைந்து நடக்கும் திறனில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

ஆதலின் இத்தகைய படத்தின் முடிவைக் கேட்கத் தாயைத் தனியே அனுப்புதல் தகாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுதல் வேண்டும். பிளவு திறந்ததா, மூடியதா? முதுகின் எந்த மட்டத்தில் உள்ளது? மூளையில் வேறு குறை உண்டா? எது உறுதி, எது ஊகம்? மீண்டும் படமெடுக்க வேண்டுமா? இவ்வினாக்களைத் தாளில் எழுதிச் சென்று கேட்பதில் நாணப்பட எதுவுமில்லை. விடையைப் பொறுமையாகக் கூறுதல் வைத்தியரின் கடமை.

கீரையிலிருந்து பிறந்த காப்பு

இக்குறைபாட்டைப் பெருமளவு தடுக்கவும் வழி உண்டு. 1931 இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், பம்பாயில் இரத்தசோகையால் வருந்திய கர்ப்பிணிகளுக்கு மதுவத்தின் சாறு நலம் தருவதைக் கண்டு எழுதினார். அதிலிருந்த சத்து 1941 இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லினால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1991 இல் வெளிவந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு, முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார் கருத்தரிக்குமுன் தொடங்கி இச்சத்தை உட்கொண்டால் அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறையும் என நிறுவியது.

கருத்தரிக்க எண்ணும் பெண்கள் ஒரு மாதமாவது முன்னரே தொடங்கி, முதல் 12 வாரங்கள் வரை நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் உட்கொள்ள வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. கீரையும் பருப்பும் பயறும் நல்லனவே. ஆயினும் சமைக்கும்போது இச்சத்து பெரிதும் அழிந்துவிடுவதால், அவை மாத்திரைக்கு ஈடாகா. முன்னர் இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றோரும், நீரிழிவு உள்ளோரும், வலிப்புக்கு மருந்து உண்போரும் கூடுதலான அளவு பற்றி வைத்தியரிடம் கேட்டல் அவசியம். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆபத்தானது. கர்ப்பமான பின்னர்தான் 'கிளினிக்' செல்லுதல் என்ற வழக்கத்தை மாற்றி, மணமான கையோடு மருத்துவிச்சியிடம் இதனைக் கேட்டறிதல் நன்று. 28 நாட்கள் விரைவில் கடந்துவிடும்.

இத்தனை செய்தும் குறையுடன் ஒரு குழந்தை பிறக்கலாம். அப்பொழுது கிரகணத்தன்று வெளியே சென்றாள், ஆகாததைத் தின்றாள் என்று தாயின் மீது பழி சுமத்துவோர் நம்மிடையே இன்றும் உளர். நரம்புக்குழாய் மூடாமைக்குக் கிரகணம் காரணமன்று. பரம்பரையும் சத்தும் வேறு பலவும் கூடி நிகழ்வது அது. தாய் செய்த குற்றம் எதுவும் அதில் இல்லை.

காந்தப் படம் குழந்தையின் தலைவிதியை எழுதுவதன்று. ஆயத்தம் செய்வதற்குச் சில வாரங்களை மட்டுமே அது ஈட்டித் தருகின்றது. அவ்வாரங்களை அச்சத்திலும் பழிச்சொல்லிலும் கழிப்பதா, வரப்போகும் குழந்தைக்கு வேண்டியவற்றைத் தேடுவதில் கழிப்பதா என்பது வீட்டிலுள்ள பெரியோர் கையிலேயே இருக்கின்றது.